சொரணைக்காரன்

அப்பாவின் இரண்டு உள்ளங்கால்களும் வெந்து கொப்பளித்த அன்று, அந்த வலி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. போடியில் கிளம்பி, மலைப் பாதையில் வளைந்து வளைந்து ஏறி, பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த மகிழனின் கணுக்கால்களுக்கு வந்து, அவன் உள்ளங்கால்களைச் சுட்டுச் சுட்டுப் பார்த்திருக்கிறது. மகிழன் அப்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியவனை அக்கா தர்ஷினி வாசலிலேயே மடக்கினாள்.

"ஏன்டா, உனக்குச் சூடு சொரணை இருக்கா?"

முன்பெல்லாம் வெட்கங்கெட்டவர்களைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். இப்போது இது மருத்துவக் கேள்வியும்கூட. தர்ஷினி இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டாள்.

அப்பா கட்டிலில் கிடந்தார். கால்கள் இரண்டிலும் முழங்கால்வரை வெள்ளைக் கட்டு. பெயர் தினேஷ், அவர் காலத்தில் தெருவுக்கு நாலு தினேஷ் இருந்தார்களாம். பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தவர். சர்க்கரை அவர் கால்களை அரித்து உணர்ச்சியைத் தின்றுவிட்டு, கால்களை மட்டும் விட்டு வைத்திருந்தது. மகனைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உச்சி வெயில்ல மொட்டை மாடியில வெறுங்காலோட நின்னுருக்காரு. நான் ஏலக்கா கடையில இருந்து சாப்பிட வந்தா, மாடிப்படியில உக்காந்திருக்காரு, படியெல்லாம் ஈரம். கொப்புளம் ஒடஞ்ச தண்ணிடா அது. அங்க இவருக்கு என்ன வேலைன்னே தெரியல. வத்தலா காயுது? துணியா கெடக்கு? போனு வேற கையிலயே இருந்துச்சு. எனக்கு ஒரு போன் போட்டா என்ன? சரி, அவருதான் அப்பிடி. உன் கால்ல கெடக்குற தண்டை என்ன அழகுக்கா?"

தண்டை என்பது ஊர் வைத்த பெயர். அதைச் செய்த கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கால் மரத்துப்போனவரின் உள்ளங்காலில் மருதாணி நிறத்தில் ஒரு சாயம் பூசுவார்கள். அதற்கு ஜோடியாக இரண்டு தண்டைகளை வீட்டில் இன்னொருவர் கணுக்காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். சாயம் பூசியவர் இங்கே முள்ளை மிதித்தால், தண்டை போட்டவருக்கு அங்கே அதே இடத்தில் சுருக்கென்று குத்தும். உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதான். அப்படிச் சொல்கிறவரை ஊரில் சொரணைக்காரர் என்றார்கள். "எங்கப்பாவுக்கு நான்தான் சொரணை" என்று மகிழன் பலரிடம் சொல்லியிருக்கிறான். பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறான்.

முதன்முதலில் சாயம் பூச வந்த ஜெனிபர் சிஸ்டரிடம் அப்பா கேட்டார்: "எதுக்கும்மா புள்ள கால வலிக்க விடணும்? எனக்கே ஒரு அலாரம் வச்சுட்டாப் போதாதா?"

"வச்சுப் பாத்தாச்சுய்யா. அமுக்கிட்டுப் படுத்துக்கிறாங்க. வலியை அவுங்க உடம்புலயே வேற எடத்துல குடுத்தும் பாத்தாச்சு. கழட்டிக் கடாசிட்டாங்க. தனக்கு வலிச்சா யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. நீங்க செருப்பு இல்லாம நடந்தா ஒங்க மகனுக்கு வலிக்கும்னா என்ன செய்வீங்க?"

"செருப்பில்லாம நடக்க வெக்கமா இருக்கும்."

"அம்புட்டுத்தான். இந்த மிஷினு கரண்டுல ஓடல. வெக்கத்துல ஓடுது."

இப்போது மகிழன் பதில் சொல்ல வேண்டும். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். அவனிடம் இரண்டு பதில்கள் இருந்தன, இரண்டுமே கேவலம். கொஞ்சம் சின்னதாக இருந்த கேவலத்தை எடுத்துக்கொண்டான்.

"வண்டி ஓட்டும்போது கழட்டி வச்சுட்டேன்க்கா, எறங்குனப்பறம்தான் மாட்டுனேன். வளைவுல திருப்பும்போது எடஞ்சலா இருந்துச்சு."

தர்ஷினி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலக் கேட்டாள். பெத்தவருக்கு இதைக்கூடச் செய்ய முடியவில்லை என்றால் நீ என்ன மனுஷன் என்றாள். என் கால் நல்ல காலாக இருந்திருந்தால் உன்னிடம் நின்று கெஞ்சிக்கொண்டிருப்பேனா, நானே போட்டிருக்க மாட்டேனா என்றாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவது அவனுக்கு அன்று ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து அப்புறம் தனியே இருக்கும்போது கூசியது.

தண்டையை அவன் கழற்றவே இல்லை. குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அது சுட்டது அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் சர்க்கரை அக்கா தம்பி இருவருக்கும் சின்ன வயதிலேயே வந்திருந்தது. கால் மரக்கத் தொடங்கியது எப்போது என்று அவனுக்கே தெரியாது. முதலில் கால்விரல்களில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் எறும்பும் போய்விட்டது. ஒரு நாள் பேருந்தை விட்டு இறங்கி டீக்கடைவரை நடந்து போனபின், "அண்ணே, ஒத்தச் செருப்பு அங்க கெடக்கு" என்று கடைக்காரர் சொல்லித்தான் பார்த்தான். சிரித்து மழுப்பினான். மறுநாள் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, கால்மிதிகளுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு கண்ணாடியை ஒட்டினான். கால் பிரேக்கில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். கண்டக்டர் கேட்டதற்கு, பயணிகளின் தேங்காய் எதுவும் உருண்டு வந்து பிரேக்குக்கு அடியில் மாட்டிவிடக் கூடாதே என்றான். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று கண்டக்டர் மற்ற வண்டிகளிலும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

சமவெளியில் பேருந்துகள் தாமாகவே ஓடப் பழகி வெகு காலமாகிவிட்டது. மலைப் பாதையில் மட்டும் மண் சரிவும் மூடுபனியும் மாடும் மனிதரும் திடீர் திடீரென்று வருவதால், இன்னும் மனிதக் கால்தான். அந்தக் காலுக்கு ஒரு கார்டு வேண்டும். எச்சிலைச் சோதித்து, இவருக்குச் சர்க்கரை வந்தால் நரம்பு தாங்குமா தாங்காதா என்று ஜீனைப் பார்த்துச் சொல்லும் கார்டு. ஊரில் அதைக் கால் ஜாதகம் என்பார்கள். மகிழனின் ஜாதகத்தில் நிற்கும் கால். தர்ஷினியின் ஜாதகத்தில் நிற்காத கால்.

"அப்பன் காலு மகளுக்கு வந்துருச்சு. பயலுக்கு ஆத்தா காலு, தப்பிச்சுக்கிட்டான்" என்று சொந்தக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அப்போது தர்ஷினி வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்விலும் மலையேற்றத் தேர்விலும் தேறியிருந்தாள். சீருடைக்கு அளவுகூடக் கொடுத்தாயிற்று. கார்டு வந்ததும் வேலை போயிற்று. பேசி முடித்திருந்த சம்பந்தமும் போயிற்று. இப்போது ஏலக்காய் கடை ஒன்றில் நாற்காலியில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறாள். காலில் முள் தைத்துவிடுமோ என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயும் தடித்த செருப்புத்தான். கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள், வெளியே செருப்பைக் கழற்ற வேண்டுமே.

அக்கா கல்யாணமாகாமல் இருப்பதால் மகிழனும் தனக்கு வந்த பெண்களையெல்லாம் தட்டிக் கழித்தான். "இப்பிடி ஒரு தம்பி யாருக்குக் கெடைக்கும்" என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சல் ஒவ்வொரு முறையும் செருப்படி மாதிரி விழும். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான்.

மறுநாள் காலை ஜெனிபர் சிஸ்டர் வந்தாள். ஊரில் அவளைக் கால் சிஸ்டர் என்பார்கள். அப்பாவின் கட்டைப் பிரித்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வேறு கட்டுப் போட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு ரப்பர் பாதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் அடியிலும் அதே மருதாணிச் சாயம்.

"கழட்டி வச்சிருந்தீங்கன்னு அக்கா சொன்னாங்க. சரி, எதுக்கும் தண்டை வேல செய்யுதான்னு பாத்துருவோம். மாட்டிக்கிட்டு உக்காருங்கண்ணே. இந்தக் கால்ல நான் எங்கெங்க குத்துறேனோ அங்கங்க ஒங்களுக்குத் தெரியணும்."

மகிழன் எதிரே உட்கார்ந்தான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பிரேக் மிதித்த கண் அது. சிஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி ரப்பர் பெருவிரலைத் தொட்டதும் "ஸ்ஸ்" என்றான். குதிகாலில் இறங்கியதும் "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டான். நடுப்பாதத்தில் பட்டபோது, கொஞ்சம் வித்தியாசம் இருக்கட்டும் என்று, கூச்சம் வந்தவன் மாதிரி சிரிக்கவும் செய்தான்.

ஜெனிபர் ஊசியை மேசையில் வைத்தாள்.

"அண்ணே, நான் இன்னும் சுவிட்சே போடல."

மகிழனின் முகத்தில் அந்தச் சிரிப்பு போகத் தெரியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டாளுங்க பொய் சொல்றது வழக்கந்தான்," என்றாள் ஜெனிபர், தரையைப் பார்த்து. "மொதல்ல வெறுங்குத்து குத்திப் பாக்கணும்னு எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்புவாங்க. இப்பப் போடுறேன். கண்ண மூடிக்கங்க."

மூடினான். காத்திருந்தான். ஏதாவது வருமா என்று உள்ளங்கால்களைக் கெஞ்சிக் கேட்டான். வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அப்பா ஒரு முறை இருமினார். கண்ணைத் திறந்தபோது ரப்பர் குதிகாலில் ஊசி பாதிக்கு மேல் இறங்கி நின்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதும் அவள் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை. அதைத்தான் அவனால் பிறகு மறக்கவே முடியவில்லை.

"தண்டை ரிப்பேரு சிஸ்டர்," என்றாள். "இவன் காலு நல்ல காலு. கார்டு இருக்கு. குடுங்க இங்கிட்டு, நான் போட்டுப் பாக்குறேன்."

"ஒங்க கார்டுக்கு நீங்க போட்டு ஒண்ணும் ஆகாதுக்கா."

"ஆகாட்டிப் போகுது. மிஷினுதான் பழுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

மாட்டிக்கொண்டாள். ஜெனிபர் ஊசியை லேசாகத்தான் வைத்தாள். தர்ஷினி "ஆத்தாடி!" என்று அலறிக்கொண்டு எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஜெனிபர் ஊசியை வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்தாள். தர்ஷினியைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ரப்பர் சுண்டுவிரலைப் பஞ்சால் தடவினாள்.

"சுண்டுவெரல்ல என்னமோ ஊருது," என்றாள் தர்ஷினி சுவரைப் பார்த்தபடி. "பூச்சி மாதிரி."

ஜெனிபருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஒங்களுக்கும் சர்க்கரை இருக்குல்லக்கா? எத்தன வருஷமா இருந்தும் இம்புட்டு நல்லாத் தெரியுதே! சர்க்கரை வந்த எல்லாருக்கும் காலு மரத்துப் போறதில்ல. நரம்பு கெடக் கெட ஒடம்பு அதைச் சரி பண்ணிக்கிட்டே இருக்கும். சிலர் ஜீன்ல அந்த ரிப்பேரு வேல மந்தம், அவுங்களுக்குத்தான் போகும். அதுவும் போகலாம்னுதான் கார்டு சொல்லுமே தவிர, போயே தீரும்னு சொல்லாது. ஆனா அக்காவுக்குப் போகாம, அண்ணனுக்குப் போயி... ரெண்டு பேருக்கும் இப்பிடித் தலைகீழாவா? எங்க எடுத்தீங்க டெஸ்டு?"

தர்ஷினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவள் கால் நல்ல கால்! "ஸ்கூல்ல கேம்ப் போட்டாங்கள்ல சிஸ்டர், அங்கதான். ரெண்டு பேரும் ஒரே நாளு, ஒரே பெஞ்சு. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து துப்புனோம். கூட்டமா இருந்துச்சு. இவன்தான் என் குழாயையும் சேத்து வாங்கிட்டுப் போயி, பேரு ஒட்டிக்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

ஜெனிபர் நல்லவள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. "கேம்ப்புல மாறிப் போயிருக்கும்க்கா. கூட்டத்துல நடக்குறதுதான்," என்றாள்.

இதோ, வழி திறந்திருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவனும் சேர்ந்து அதிர்ச்சியடையலாம், அக்காவின் தோளைப் பிடித்து அழக்கூடச் செய்யலாம். மகிழன் வாயைத் திறந்தே விட்டான்.

தர்ஷினி அவனைத்தான் பார்த்தாள். அவன் ஆமாம் என்றால் நம்பிவிடுவதற்குத் தயாராக, ஆசையாகப் பார்த்தாள்.

"மாறிருச்சாடா?"

"மாறலக்கா," என்றான். "மாத்துனேன்."

கேம்ப் நடந்தபோதே அவன் கால்விரல்களில் எறும்பு ஊரத் தொடங்கியிருந்தது. மலைப் பேருந்து வேலைக்கு எடுத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார், கார்டு மட்டும்தான் பாக்கி. கையில் இரண்டு குழாய்கள், இரண்டு பெயர்ச் சீட்டுகள். நரம்பைத் தவிர வேறெதையும் சோதிக்கக் கூடாது, ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. நல்ல சட்டம்தான், மகிழனுக்கு ரொம்பவே நல்ல சட்டம். ஒட்டும்போது அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: அக்காவுக்கும் இதே ரத்தம்தானே, அவளுக்கும் இதேதான் வரும், மாற்றி ஒட்டினால் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது. கார்டுகள் வந்து, இரண்டும் வேறு வேறாக இருந்தபோதுதான், தான் செய்தது என்னவென்று அவனுக்கே தெரிந்தது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அன்று வீடே அழுதுகொண்டிருந்தது. மறுநாள் சொல்லலாம் என்று விட்டான். அந்த மறுநாள் இன்றைக்குத்தான் வந்தது.

இதையெல்லாம் அவன் சொன்னபோது தர்ஷினி திட்டவில்லை. குனிந்து தன் தடித்த செருப்புகளைக் கழற்றினாள். வெறுங்காலைத் தரையில் வைத்தாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும், விரல்களைச் சுருக்கி விரித்தாள். அப்படியே நடந்து கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு மண்ணில் இறங்கிப் போனாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

மகிழனுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பது என்று தெரியவில்லை. எழுந்து போகவும் தெரியவில்லை.

"நான் எழுதித்தான் ஆகணும்ண்ணே," என்றாள் ஜெனிபர் மெதுவாக. "அதுக்கு முன்னாடி நீங்களே முதலாளிகிட்டச் சொல்லிட்டா நல்லது. இனிமே வண்டியில ஏறக் கூடாது."

அவள் முன்னாலேயே போன் போட்டான். முதலாளி முழுவதையும் கேட்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தான், போடவில்லை. "ஒன் வண்டின்னாத்தான் தம்பி எம்மகளையே மலைக்கு ஏத்தி விடுவேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜெனிபர் அவன் கால்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்கால்களில் சாயம் பூசினாள். அப்பாவின் தண்டையைத் தர்ஷினிக்கு எழுதிக்கொண்டாள். மகிழனுக்கான புதுத் தண்டைகளை டப்பாவோடு குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். "யாரு போட்டுக்கிறதுன்னு பேசி முடிவு பண்ணுங்க. சும்மா கெடந்தா பிரயோசனமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேசி முடிவு பண்ண அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. தர்ஷினி சமைத்தாள், அவனுக்கும் சேர்த்துத்தான் வைத்தாள். தட்டை வைக்கும் சத்தம் கேட்கும், நிமிர்ந்தால் ஆள் இருக்க மாட்டாள். கடைக்குப் போய் வந்தாள். ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வெறுங்காலோடு, கால் நிறையப் புழுதியோடு வந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் மகிழன் திரும்பியே பார்க்கவில்லை. எனக்குச் சொரணையாக இரு என்று யாரிடம் போய்க் கேட்பது? ஊரெல்லாம் அதற்குள் தெரிந்துவிட்டது. டீக்கடையில் அவன் போனதும் பேச்சு நிற்கும். ஒற்றைச் செருப்பை எடுத்துக் கொடுத்த கடைக்காரர் அவன் காலைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

ஒரு முற்பகலில் அப்பாவின் கட்டை அவன்தான் மாற்றிக்கொண்டிருந்தான். புண் கொஞ்சம் ஆறியிருந்தது. அப்பா அவன் உச்சந்தலையைப் பார்த்துப் பேசினார்.

"மாடியில எனக்கு என்ன வேலன்னு ஒங்கக்கா கேட்டாள்ல."

மகிழன் நிமிரவில்லை.

"முன்னெல்லாம் ஒரு கல்லு மிதிச்சாப் போதும், ஒன் போனு வந்துரும். 'அப்பா, எடது குதிகாலு, பாருங்க'ம்ப. பஜாருல எல்லாருகிட்டயும் காட்டுவேன், பாரு, எம்மகன் மலை மேல இருந்து கூப்பிடுறான்னு. அப்பறம் கொறைஞ்சு போச்சு. போன மாசம் கால்ல ஆணி ஏறி, சாக்ஸுல ரத்தத்தப் பாத்துத்தான் எனக்கே தெரியும். நீ கூப்பிடல. சாயங்காலம் வந்து, சாப்டீங்களாப்பான்னு கேட்ட."

"கேட்டிருக்கலாம்லப்பா."

"எப்பிடிக் கேப்பேன்? ஒனக்கும் காலு போயிருச்சாடான்னு புள்ளகிட்ட எப்பிடிக் கேக்குறது? நான் குடுத்த காலுதான அது. கேக்க வெக்கமா இருந்துச்சு. கேக்காம இருக்கவும் பயமா இருந்துச்சு, நீ தெனம் அம்புட்டுச் சனத்த ஏத்திக்கிட்டு மலை ஏறுற. அதான் மாடிக்குப் போனேன். செருப்பக் கழட்டிட்டுப் போனக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். இந்நேரம் அவனுக்குச் சுடும், இந்நேரம் கூப்பிடுவான்னு நின்னேன். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, எம்புட்டு நேரமும் நிக்கலாம். வண்டியத் திருப்பிக்கிட்டு இருப்பான், திருப்பிட்டுக் கூப்பிடுவான்னு நெனச்சேன். கீழ ஈரமாக் கெடக்கேன்னு குனிஞ்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது."

கட்டுத் துணி மகிழனின் கையில் பாதி சுற்றியபடி நின்றது. அவமானம் என்றால் என்னவென்று தனக்கு இதுவரை தெரியவே தெரியாது என்று அவனுக்குத் தோன்றியது. இத்தனை நாள் பட்டதெல்லாம் அதன் ஓரம்தான்.

கட்டை முடித்தான். கையைக் கழுவினான். அப்பா கண் அசந்ததும் மாடிக்கு ஏறினான்.

உச்சி வெயில். தரை வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. அப்பா நின்ற இடம் எதுவென்று தேட வேண்டியிருக்கவில்லை, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், கைப்பிடிச் சுவரோரம், சிமெண்டில் இரண்டு கறைகள் இருந்தன. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு அங்கே நடந்து போய், அந்தக் கறைகளின் மேலேயே இரண்டு கால்களையும் வைத்து நின்றான். அவர் எதில் நின்றார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. மடித்த போர்வைமேல் நிற்பது போல மெத்தென்று இருந்தது. தூரத்தில் அவன் தினம் ஏறிய மலை, பாதி மேகத்தில் இருந்தது. இங்கேயேதான் அவர் நின்றிருக்கிறார், இதே மலையைப் பார்த்துக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு.

சட்டைப் பையில் போன் அடித்தது.

அக்கா. ஏலக்காய் கடையிலிருந்து.

எடுத்தான். எதிர்ப்பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு. பின்னால் யாரோ பெண்கள் "என்னாச்சு தர்ஷினி, என்னாச்சு" என்று பதறினார்கள்.

"சுடுதுடா," என்றாள்.

மகிழனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் டப்பா எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறதோ என்று நினைத்தான். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே.

"சூடு சொரணை இருக்கா ஒனக்கு? கீழ எறங்குடா!"

செருப்பு படியில் கிடந்தது. படி மாடியின் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே போய்ச் சேர இந்தத் தரையைத் தவிர வேறு வழி இல்லை. வைக்கிற ஒவ்வொரு அடியும் அங்கே கடையில், காய் பொறுக்கும் பெண்களுக்கு நடுவில், அவள் காலில் விழும். நின்றாலும் விழும்.

போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அவள் அழுவதைக் கேட்டபடியே, அக்காவின் கால்களால் மகிழன் அந்தத் தரையைக் கடந்தான்.